ஊதாத சங்கு

யானை படுத்தாலும் குதிரை மட்டம் என்பதில் ஹெட்மாஸ்டருக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. பள்ளிக்கூடத்தை விட்டுவந்து வெகுகாலம் ஆகியும், சர்ச் பாடகர் குழுவின் கடைசி வரிசையில் நெஞ்சை நிமிர்த்தி நின்று, பாட்டுக்கே அஸ்திவாரமான கீழ்க்குரல் பாடிக்கொண்டிருந்தார். பக்கத்தில் எப்போதும் அவருடைய சகா, கடிகாரம் பழுது பார்க்கும் வாட்ச்காரர். ஹெட்மாஸ்டரின் குரல் அவருக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டது. அது அவரைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

குழுவை நடத்துபவள் ஒரு பல் டாக்டர். ஹெட்மாஸ்டரிடமே படித்தவள். நாள் முழுக்க "வாயை நல்லா திறங்க" என்று சொல்லிப் பழகியவள், சனிக்கிழமை ஒத்திகையில் நேர்மாறாக ஒன்று சொன்னாள்.

"சார், தப்பா நினைக்காதீங்க. அந்தக் கடைசி வரியில மட்டும் வாயைக் கொஞ்சம் குறைச்சுக்கலாமா?"

பல்லைப் பிடுங்கும்போது மரத்துப்போக ஊசியாவது போடுவாள். இதற்குப் போடவில்லை.

'குறைப்பதென்ன, நிறுத்தியே விடுகிறேன். அஸ்திவாரம் போனால் வீடு எப்படி ஆடுகிறது என்று பார்க்கட்டும்' என்று கறுவினார் ஹெட்மாஸ்டர். மறுநாள் ஆராதனையில் வாயை மட்டும் அசைத்தார். சத்தம் விடவில்லை.

வீடு ஆடவில்லை.

"இன்னைக்குத் தேவதூதர்களே இறங்கிவந்து பாடின மாதிரி இருந்தது!" என்றார் போதகர். சற்று முன்புதான் அவர் ஒரு கூடை பிளாஸ்டிக் பழங்களைப் பிரசங்க மேடையில் வைத்து, முதுமையிலும் கனி கொடுப்பது எப்படி என்று முக்கால் மணி நேரம் விளக்கியிருந்தார். அவருக்கு இன்னும் மீசையே முழுசாகக் கனியவில்லை.

ஹெட்மாஸ்டர் குழம்பிப்போனார். பாடாமல் இருப்பதுதான் ஆண்டவர் தன்னிடம் எதிர்பார்க்கும் கனியா? அதைக் கொடுக்கவா இத்தனை வருடம் தொண்டையைத் தீட்டினோம்?

"பாடுற மாதிரி சும்மா வாயசைச்சு நிக்கிறது ஊழியமா, பொய்யா?" என்று மனைவியிடம் கேட்டார்.

"உங்க பாட்டைக் கேட்டவங்ககிட்ட கேளுங்க. மகா ஊழியம்னு சொல்லுவாங்க," என்றாள் அவள், துணி மடித்துக்கொண்டே.

"கிண்டலா?"

"பின்ன? ஆண்டவருக்கும் காது இருக்குங்க."

அடுத்த ஞாயிறு, யாரிடமும் சொல்லாமல் மனைவி பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். பொய்யாக நிற்பதைவிட மெய்யாக உட்கார்வது மேல் என்று அப்போதைக்குத் தோன்றியது.

பாட்டின் நடுவில் எல்லோரும் மூச்சுவாங்க நிறுத்தும் இடம் வந்தது. அந்த நிசப்தத்தில் தன்னந்தனியாக ஒரு "அல்லேலூயா" கிளம்பியது. வாட்ச்காரர்! பல் டாக்டரின் கை அந்தரத்தில் நின்றது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

ஆராதனை முடிந்ததும் வாட்ச்காரர் அவரை வாசலில் மடக்கினார். "எங்க சார் போய்ட்டீங்க? மானமே போச்சு!"

"நான் இல்லாட்டி உங்களுக்கென்ன ஓய்?"

வாட்ச்காரர் அவர் உதடுகளையே உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார். "காது போய் ரெண்டு வருஷம் ஆச்சு சார். மெஷினை மாட்டினா விசிலடிக்குது. உங்க தோள் ஏறினா நான் மூச்சு இழுப்பேன், உங்க வாய் திறந்தா நான் திறப்பேன்."

"டாக்டரம்மா கையைப் பார்க்கலாமே?"

"அது ஈ ஓட்டுற கை. எது தாளம், எது ஈ, ஒண்ணும் புரியல. அவங்ககிட்ட சொல்லிடாதீங்க, என்னையும் உட்கார வச்சிடுவாங்க."

ஹெட்மாஸ்டர் ஓரடி கிட்டே வந்தார். "அப்போ... போன வாரம்?"

"போன வாரம் கணீர்னு பாடினீங்க சார்!"

செவிடன் காதில் சங்கு ஊதுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறார். ஊதாத சங்குக்குச் செவிடனே நற்சான்று கொடுப்பதை இன்றுதான் பார்க்கிறார்.

அடுத்த வாரம் மறுபடி கடைசி வரிசையில் நின்றார். 'ஆண்டவரே, இது கனியா, போதகரின் கூடையில் இருந்த பிளாஸ்டிக் பழமா?' என்று கேட்டார். பதில் வருவதற்குள் ஈ ஓட்டும் கை உயர்ந்துவிட்டது. வாட்ச்காரரின் கண்கள் அவர் தோளில் ஒட்டிக்கொண்டிருந்தன. தோளை ஏற்றினார். பக்கத்தில் ஒரு நெஞ்சு சரியாக விரிந்தது.

கடைசி வரியில், அவரையும் மீறிக் கொஞ்சம் சத்தம் வெளியே வந்துவிட்டது.

பல் டாக்டர் முகத்தைச் சுளித்து, சுவரிலிருந்த ஸ்பீக்கர் பெட்டியைச் சந்தேகமாகப் பார்த்தாள். ஹெட்மாஸ்டரும் அவளோடு சேர்ந்து அதையே பார்த்தார்.