பன்னிரண்டாம் கட்டத்தில் வந்தவன்

ஹட்டனில் போன் திருத்துகிற கடையில் வேலை பார்க்கிறேன். ஊரில் யாருடைய போனுக்கு என்ன கோளாறு வந்தாலும் தர்ஷனிடம்தான் கொண்டுவருவார்கள். என் வீட்டில் அண்ணியின் போனுக்கு இருந்த கோளாறை மட்டும் நான் கடைசிவரை பார்க்கவில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். என்னை நல்லவன் என்று நினைத்துக்கொண்டு யாரும் படிக்க வேண்டாம்.

'ஒன்பது வாசல்' என்று போனில் ஒரு யுத்த விளையாட்டு. செஸ் மாதிரி ஒருமுறை நாம் ஆளை நகர்த்த வேண்டும், ஒருமுறை எதிரி நகர்த்துவான். கட்டத்துக்குக் கட்டம் நம் படையில் புது ஆட்கள் வந்து சேருவார்கள். பன்னிரண்டாம் கட்டத்தில், நம் ஆட்களெல்லாம் இருபதாம் படியில் ஏறி நிற்கும்போது, ஆடு மேய்க்கிற பையன் ஒருவன் கையில் ஒரு கம்போடு வருவான். முதல் படி. ஒரு அடி விழுந்தால் ஆள் காலி. ஆனால் அவனைச் சாகவிடாமல் வளர்த்தால், ஒவ்வொரு படிக்கும் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு பலம் அவனுக்குக் கூடும். கடைக்கு வருகிற பையன்களிடம் இதைப் பெரிய வாத்தியார் போல விளக்குவேன். ஆனால் நான் ஒருநாளும் அவனை வளர்த்ததில்லை. யாருக்கு அவ்வளவு பொறுமை இருக்கிறது? கூடாரத்தில் உட்கார வைத்துவிட்டு மற்றவர்களோடு போய்விடுவேன்.

ஹட்டனில் ஒரு மண்டபத்தில் இதற்குப் போட்டி வைத்தார்கள். அணிக்கு மூன்று பேர், அதில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். நானும் என் கூட்டாளி றமணனும் இருந்தோம். அவன் அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே படிப்பிக்கிறவர். மூன்றாவதுக்கு ஆள் கிடைக்காமல் அண்ணியிடம் போய் நின்றேன்.

"சும்மா பேரு மட்டும் குடுங்க அண்ணி. பக்கத்துல உக்காந்திருந்தா போதும்."

அண்ணியின் பெயர் வினோதா. வட்டவளைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கிறார்.

"ஜெயிச்சா மைக்குல பேரு சொல்லுவாங்களா தம்பி?"

"சொல்லுவாங்க."

"அப்ப நானும் வெளாடுறேன். கொழுந்து நெறுக்கிற எடத்துல நம்பரத்தானே கூப்புடுறாங்க. எம்பேர மைக்குல யாரு சொல்லியிருக்கா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அன்றிலிருந்து இரண்டு மாதம், மலையிலிருந்து வந்து குளித்து, அடுப்பில் சோறு கொதிக்கிற நேரமெல்லாம் போனும் கையுமாக இருந்தார். லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கிற காளியாயி அக்கா வாசலில் நின்று கிண்டல் பண்ணுவார்.

"என்னா வினோதா, போனுலயும் கொழுந்து எடுக்கிறியா? கூடையக் காணோம்!"

அவர் ஆடுகிற விதத்தைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மலையில் ஆளுக்கொரு நிரை தேயிலைச் செடி கொடுப்பார்கள். தன் நிரையைச் சீக்கிரம் முடித்தவர் அப்படியே மேலே போய்விட மாட்டார். திரும்பி வந்து, பின்தங்கி நிற்கிறவரின் நிரையில் கைபோட்டு எடுத்துக்கொடுப்பார். அண்ணி போனிலும் அதையே செய்தார். வாசலை உடைக்கப் போன குதிரைக்காரனையும் வில்லாளியையும் திருப்பிக் கூட்டிவந்து, அந்த ஆட்டுக்காரப் பையனுக்கு இரண்டு பக்கமும் நிறுத்திவைத்து, கடைசி அடியை மட்டும் அவனை அடிக்க விடுவார்.

"இது என்னா, கொழுந்து மலையா? சண்ட அண்ணி! முன்னால போங்க!"

"அவன் நெர இன்னும் முடியல தம்பி" என்பார்.

போட்டிக்கு முந்தின ஞாயிறு றமணன் வீட்டில் மூன்று பேரும் சேர்ந்து ஆடிப் பார்த்தோம். அவன் தங்கை லோஜனா கொழும்புக் கம்பஸிலிருந்து லீவில் வந்திருந்தாள். நன்றாக ஆடுவாள். அவள் முன்னால் அண்ணி போனைத் தொடத் தொட அது கேட்கவில்லை. கொழுந்துக் கறை ஏறி விரல் நுனியெல்லாம் கறுத்துக் காய்த்துப்போயிருந்தது. இரண்டு தரம், மூன்று தரம் அழுத்தினார். தொடுகிற உணர்வைக் கூட்டிவைக்க செட்டிங்கில் ஒரு இடம் இருக்கிறது. ஒரு நிமிட வேலை. அதைச் செய்துதான் நான் சம்பளம் வாங்குகிறேன். அன்றைக்கு அதைச் செய்யாமல், அந்த விரல்களை லோஜனா பார்த்துவிட்டாளே என்று கூசிப்போய் உட்கார்ந்திருந்தேன். அண்ணிக்காகக் கூசவில்லை, எனக்காகத்தான்.

ஆட்டம் தோற்றது. "சனியன், இப்படி ஆடினா வெளங்கும்!" என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன். அண்ணி போனை மடியில் வைத்துக்கொண்டு, "அடுத்த கெழம வெரசா ஆடுறேன் தம்பி" என்றார்.

மறுநாளே றமணனிடம் பேசி முடித்துவிட்டேன். அண்ணியின் விளையாட்டுக் கணக்கை ஆரம்பித்துக் கொடுத்தது நான்தான், பாஸ்வேர்டு எனக்குத் தெரியும். எந்தப் போனிலும் அதைத் திறக்கலாம். அண்ணி பெயரில் லோஜனா ஆடட்டும் என்றேன். போட்டி ஒன்பது மணிக்கு. அண்ணியிடம் பதினொன்று என்று சொன்னேன்.

"நான் கட வேலைக்கு வெள்ளனப் போறேன். நீங்க பத்து மணி பஸ்ஸுல வாங்க."

"சரி தம்பி. வரயில ரொட்டி சுட்டு எடுத்துட்டு வாறேன்" என்றார். கல்யாணச் சேலையைத் தேய்த்து ஆணியில் மாட்டியிருந்தார். அதைப் பார்த்துக்கொண்டேதான் அந்தப் பொய்யைச் சொன்னேன்.

மண்டபத்தில் இருந்தவர்கள் பெயரைக் கேட்டு எழுதினார்களே தவிர, ஆளைப் பார்க்கவில்லை. முதல் இரண்டு ஆட்டத்தையும் சுலபமாக வென்றோம். கடைசி ஆட்டத்தில் எதிரணி எங்களைக் கிழித்துத் தொங்கவிட்டது. நான் பெருமை பேசிய குதிரைப் படை பாதி ஆட்டத்திலேயே சுத்தமாக முடிந்தது. றமணனுக்கும் ஆள் மிச்சமில்லை. லோஜனா கடைசி ஆளாக அந்த ஆட்டுக்காரப் பையனை இறக்கினாள்.

அவன் நாற்பதாம் படியில் நின்றான். நாற்பதாம் படியை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். வாசலில் தனியாக நின்று ஏழு பேரை ஒவ்வொருவராகச் சாய்த்தான்.

"அண்ணா, இந்தப் பொடியனை ஆர் வளர்த்தது?" என்றாள் லோஜனா. பிறகு சிரித்தாள். "இவனுக்கு உங்கட பேரையெல்லோ வச்சிருக்கினம்."

குனிந்து பார்த்தேன். அவன் தலைக்கு மேல் சின்ன எழுத்தில் 'தர்ஷன்' என்று இருந்தது.

அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்தபோது எனக்குப் பதினாறு வயது. ஓ.எல். பரீட்சையில் ஆறு பாடம் கோட்டை விட்டிருந்தேன். "கொழும்புல கடைக்கு அனுப்பிருவோம், இது தேறாது" என்று அண்ணன் முடிவே கட்டிவிட்டார். வந்து ஒரு மாதம் ஆகாத புதுப்பெண், அவர்தான் குறுக்கே நின்றார். "அவன் நெர இன்னும் முடியலங்க, இன்னொரு தடவ எழுதட்டும்" என்றார். மலைக்குப் போவதற்கு முன் விடியற்காலையில் எழுப்பி, தேத்தண்ணி போட்டுக் கொடுத்து, நான் தூங்கி விழாமல் எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். அப்படித்தான் தேறினேன். அப்படித்தான் போன் வேலை படித்தேன்.

சுற்றி எல்லோரும் கை தட்டினார்கள். நாங்கள் ஜெயித்திருந்தோம். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது எனக்கு.

பரிசுக் கிண்ணம் வாங்க மைக்கில் கூப்பிட்டார்கள். "தர்ஷன்! றமணன்! கடைசி வாசலைக் காப்பாற்றிய வினோதா!"

அப்போதுதான் பார்த்தேன். மண்டப வாசலில் அண்ணி நின்றார். தேய்த்த சேலை, கையில் ரொட்டிப் பார்சல். தன் பெயரைக் கேட்டதும் முகம் மலர்ந்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு இரண்டு எட்டு முன்னால் வந்தார். லோஜனா என்னைப் பார்த்தாள். 'இந்தா நிக்கிறாங்க' என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை. பொய் வெளியே வந்து கிண்ணத்தைப் பிடுங்கிவிடுவார்கள் என்று பயந்து, "ஏறு, ஏறு" என்று லோஜனாவின் முதுகைத் தள்ளினேன்.

அவள் மேடை ஏறினாள். அண்ணி வைத்த காலை அப்படியே நிறுத்தினார். பிறகு பார்சலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, எல்லோரோடும் சேர்ந்து கை தட்டினார்.

வெளியே வந்ததும் போய் முன்னால் நின்றேன். கிண்ணத்தை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"அண்ணி... போட்டி ஒம்பது மணிக்கு. எட்டு மணிக்கே ஒரு பஸ் இருந்துச்சு."

"தெரியும் தம்பி. கண்டக்டர் தம்பி சொல்லுச்சு."

அழுதிருந்தால், திட்டியிருந்தால், செருப்பால் அடித்திருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். அவர் பார்சலைப் பிரித்தார். எங்கள் மூன்று பேருக்கும் கணக்காக ஆறு ரொட்டி, ஒரு ஓரத்தில் தேங்காய்ச் சம்பல். கறுத்த விரலால் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார்.

"எம்பேரு ரோட்டு வரைக்கும் கேட்டுச்சு தம்பி" என்றார். "பஸ்ஸ விட்டு எறங்கி வரயிலதான் மைக்க சரி பாத்து, கூப்புடப்போற பேரெல்லாம் வாசிச்சாங்க. அதான் ஓடியாந்தேன்."