கேட்டடியில் ஒரு முதல் பாரா

டம், டம், டம் என்று பெட்டிக்குப் பெட்டி இடித்துக்கொண்டு கிழக்கிலிருந்து ஓடிவந்த சத்தம் ட்ரூடியின் காருக்கு நேர் முன்னால் வந்து அடங்கியது. சரக்கு ரயில், ரயில்வே கேட்டை அடைத்துக்கொண்டு நின்றுவிட்டது.

"போச்சு" என்றாள் ட்ரூடி.

பக்கத்து சீட்டில் இருந்த மகள் கோரா தலையை நிமிர்த்தாமல், "சீக்கிரம் கிளம்பலாம்னு நான் அப்பவே சொன்னேன். கோட்டுக்கு மேட்ச்சா ஸ்கார்ஃப் வேணும்னு தேடினது யாரு?" என்று கேட்டாள். அவள் மடியில், கூட்டத்தில் படிக்க அம்மா எழுதிய கட்டுரை இருந்தது. கையில் பேனா இருந்தது.

இந்தியானாவில் கார்வெல் என்கிற அந்தச் சின்ன ஊரில் பிறந்தவர்களுக்கு ரயில் நின்றால் என்ன அர்த்தம் என்று தெரியும். ஒன்றரை மைல் நீள ரயில். ஊரின் மூன்று கேட்டையும் ஒரே சமயத்தில் அடைக்கும். பத்து நிமிஷத்தில் நகரலாம். இரண்டு மணி நேரம் கிடக்கவும் கிடக்கலாம். சுற்றிப் போகச் சுரங்கப்பாதை உண்டு என்றாலும், பனி உருகினால் அதில் முழங்கால் தண்ணீர். திரும்பிப் போகலாம் என்றால் பின்னால் அதற்குள் பதினைந்து கார்கள் நெருக்கியடித்து நின்றன.

ரயிலுக்கு அந்தப் பக்கம், நடந்தால் ஐந்து நிமிஷத் தூரத்தில், டவுன் ஹாலில் கூட்டம் தொடங்கிவிட்டது. பள்ளிக்கூடத்துப் பக்கம் தண்டவாளத்துக்கு மேலே ஒரு நடைபாலம் கட்ட மாநில அரசு பணம் தரத் தயார். கவுன்சில் இன்று ஓட்டுப் போட்டு ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் அந்தப் பணம் வேறு ஊருக்குப் போய்விடும். பேச விரும்பும் எவருக்கும் மூன்றே நிமிஷம். பெயரைக் கூப்பிடும்போது ஆள் எழுந்து நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அடுத்த பெயர். பாலத்துக்காகப் பேசப் பெயர் கொடுத்திருந்தது ட்ரூடி மஸ்லோவ்ஸ்கி ஒருத்திதான்.

போன கூட்டத்திலும் அவள்தான் பேசினாள். பேசினாள் என்று சொல்வதைவிட நன்றி சொன்னாள் என்பது பொருந்தும். மேயருக்கு, தீயணைப்புத் தொண்டர்களுக்கு, காபி போட்ட சர்ச் பெண்களுக்கு, சாலையில் பனி தள்ளுகிறவர்களுக்கு. அந்த ஊரில் எவருக்கும் நன்றி சொல்லாமல் வாய் திறக்க வராது. எல்லாரையும் திருப்திப்படுத்திவிட்டு "எனவே பாலம்" என்று ஆரம்பித்தபோது மணி அடித்துவிட்டார்கள். உட்காரப் போனவளைப் பார்த்துக் கவுன்சிலர் ப்ரூயிட் சிரித்துக்கொண்டே கேட்டார்: "ரயிலுக்கு அடியில பிள்ளைங்க நுழையறாங்கன்னு எல்லாரும் சொல்றீங்க. எந்தப் பிள்ளை? ஒரே ஒரு பேர் சொல்லுங்கம்மா, நானே கையைத் தூக்கறேன்."

ட்ரூடியிடம் பெயர் இல்லாமல் இல்லை. தோழி இனெஸின் மகன் தியோ, போன அக்டோபரில், பள்ளிக்கூட மணி அடிக்கப்போகிறதே என்று நின்ற ரயிலுக்கு அடியில் நுழைந்தான். ரயில் கிளம்பியது. இடது பாதம் போய்விட்டது. வெளியில் ஏதோ விபத்து என்று சொல்லி வைத்திருந்தார்கள். ஆனால் இனெஸ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அவன் வெளியே தலைகாட்டவே கூசுகிறான், அவன் பெயரை மைக்கில் சொன்னால் நம் சிநேகிதம் அத்தோடு முடிந்தது என்று. மற்றப் பெற்றோர்களும் அப்படித்தான். பிள்ளையின் பெயர் வெளியே வந்தால் ரயில்வே அபராதம் போடும், பள்ளிக்கூடம் தண்டனை கொடுக்கும். ட்ரூடி வேலை பார்ப்பது பள்ளிக்கூடச் சமையலறையில். சாப்பாட்டுத் தட்டோடு வரும் எத்தனை பிள்ளைகளின் முழங்காலில் தண்டவாளத்துக் கிரீஸ் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். கேட்டால் ஒரு வாயும் திறக்காது.

"படிக்கறேன், கேளு" என்றாள் கோரா. "'நமது அன்பிற்குரிய கார்வெல் நகரில் சில பிள்ளைகள் சில நேரங்களில் சிரமங்களைச் சந்திக்கிறார்கள்.' அம்மா, இது கோரிக்கைக் கட்டுரையா, தூக்க மாத்திரையா?"

"நீ தானே நன்றியை எல்லாம் வெட்டச் சொன்னே."

"வெட்டினே. வெட்டின இடத்துல பஞ்சை வெச்சிருக்கே. முதல் வரியிலேயே கேக்கறவங்க காதைப் பிடிச்சு இழுக்கணும்னு எங்க மிஸ் சொல்வாங்க. சில பிள்ளைங்கன்னா யாரு? ப்ரூயிட் அதைத்தானே கேட்டார்?"

"அதுக்கு நான் எங்கடீ போவேன்? நீ ஒரு பேர் குடேன் பார்ப்போம்."

கோரா பின் சீட்டில் கிடந்த தன் டிராம்போன் வாத்தியப் பெட்டியை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். வசந்த காலத்தில் மாநிலத் தலைநகரில் இசைப் போட்டி. பள்ளிக்கூடப் பேண்டில் எட்டாம் வகுப்பிலிருந்து எடுத்தது அவளை மட்டும்தான். தண்டவாளத்தைத் தாண்டிப் போகிற காலைப் பயிற்சிக்கு ஒரு நிமிஷம் தாமதமாகப் போனாலும் அந்தப் பேண்டு மாஸ்டர் கதவைச் சாத்திவிடுவார்.

ட்ரூடியின் போன் அடித்தது. ஹாலிலிருந்து இனெஸ். உனக்கு முன்னால் இரண்டே பேர், ஒருத்தர் நாய்கள் குரைப்பதைப் பற்றிப் புகார் சொல்ல ஆரம்பித்துவிட்டார், எங்கே தொலைந்தாய் என்று கிசுகிசுத்தாள். ட்ரூடி ரயில் என்றாள். அதற்கு இனெஸ், உனக்குப் பதிலாக நான் பேசலாமா என்று கேட்டுப் பார்த்தேன், விதியில் இடமில்லை என்கிறார்கள் என்றாள்.

ட்ரூடி பேனாவைப் பிடுங்கி எழுதினாள். 'இந்த ஊரின் தாய்மார்கள் ஒவ்வொரு காலையும் பயத்தோடு' என்று தொடங்கி அடித்தாள். 'ஒரு பாலம் என்பது' என்று எழுதி அதையும் அடித்தாள். அடித்த கோடுகளில் தாள் கிழிந்தது. முதல் பாரா இருந்த இடத்தில் ஒரு ஓட்டைதான் மிச்சம்.

ஓட்டுப் போட்டு முடித்துவிடுவார்கள். பாலம் வராது. அடுத்த குளிரிலும் பிள்ளைகள் நுழைவார்கள். வேறொரு பாதம் போகும், அல்லது ஒரு பிள்ளையே போய்விடும். அவள் மட்டும் சமையலறையில் நின்று முழங்கால்களை எண்ணிக்கொண்டிருப்பாள்.

தாளை மடித்துக் கோட்டுப் பையில் திணித்துக்கொண்டு கதவைத் திறந்தாள்.

"எங்கேம்மா?"

"காரைப் பார்த்துக்கோ. நான் அந்தப் பக்கம் போறேன்."

"அம்மா, வேணாம்."

கேட் கட்டைக்கு அடியில் குனிந்து, சரளைக் கல்லில் சறுக்கிக்கொண்டு ரயிலை நெருங்கினாள். பின்னால் யாரோ ஹார்ன் அடித்தார்கள். இரும்புச் சக்கரம் அவள் இடுப்புயரம் இருந்தது. மண்டியிட்டாள். தியோவின் விஷயத்துக்குப் பிறகு மகளைச் சாப்பாட்டு மேஜையில் உட்கார வைத்து, ஒருநாளும் நுழைய மாட்டேன் என்று அவள் அப்பாவின் போட்டோமேல் சத்தியம் வாங்கியவள் அவள். இப்போது அவளே ஒரு கையைத் தண்டவாளத்துக்கு மேலே நீட்டினாள். அந்தப் பக்கம் தெருவிளக்கு வெளிச்சம் தெரிந்தது. நாலு தவழல்தான்.

எங்கோ 'உஸ்ஸ்' என்று காற்றுப் போகிற மெல்லிய சத்தம் கேட்டது. கூடவே யாரோ அவள் கோட்டுக் காலரைப் பிடித்து மூர்க்கமாகப் பின்னால் இழுத்தார்கள். கல்லில் மல்லாந்து விழுந்தாள்.

"பிரேக் விடறாங்கம்மா" என்று மூச்சிரைத்தாள் கோரா. "அந்தச் சத்தம் கேட்டா போகவே கூடாது. கையை எடு."

டம், டம், டம் என்று இழுபட்டு வந்தது சத்தம். ட்ரூடியின் கை இருந்த இடத்தில் சக்கரம் உருண்டது. முதலில் மெதுவாக, பிறகு இன்னும் கொஞ்சம் வேகமாக. தாயும் மகளும் சரளைக் கல்லில் உட்கார்ந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெட்டிகள் போய்க்கொண்டே இருந்தன. கடைசிப் பெட்டி கடந்ததும் கேட் கட்டை மேலே போனது.

காருக்குத் திரும்பி வந்தார்கள். ட்ரூடி சாவியைச் செருகினாள், திருப்பவில்லை. பின்னால் வரிசையாக ஹார்ன் கத்தியது. போனில் இனெஸின் செய்தி: நாய்க்காரர் முடித்துவிட்டார், கடைசி ஆள் பேசிக்கொண்டிருக்கிறார், ஓடி வா.

ட்ரூடி முன்னால் பார்த்தபடியே கேட்டாள். "பிரேக் விடற சத்தம்னு உனக்கு எப்படித் தெரியும்?"

கோரா உள்ளங்கைகளைக் கோட்டில் துடைத்தாள். பின் சீட்டுப் பக்கம் திரும்பவில்லை. அம்மாவின் பையிலிருந்து அந்தக் கிழிந்த தாளை எடுத்து, மடியில் வைத்து நீவினாள்.

"நீ வண்டியை எடும்மா, முதல் வரியை நான் எழுதறேன். கோரா மஸ்லோவ்ஸ்கி, எட்டாம் வகுப்பு, பேண்டு இருக்கிற எல்லா நாளும்."