நீர்யானை இல்லாத வழி

வேன் ஓட்டுகிறவளுக்கு வழி போடுவதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. எந்தப் பிள்ளையை முதலில் ஏற்றுவது, எந்தத் தெருவில் காலையில் குப்பை லாரி வழிமறிக்கும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அந்த வியாழக்கிழமை மாலையும் சாப்பாட்டு மேஜையில் மிருகக்காட்சிசாலையின் வரைபடத்தை விரித்து, பள்ளிக்கூட வேனுக்குப் போடுவது போலவே பென்சிலால் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள்.

எதிரே அவள் கணவர். தெருவில் எல்லோருக்கும் அவர் பெயின்டர். சாரம் கட்டி மாடி மாடியாகச் சுவரடித்த மனிதர், சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட, ஒரு வருடமாக வீட்டோடு கிடந்தார். திங்கள், புதன், வெள்ளி ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். உடம்பில் சேருகிற தண்ணீரை மெஷின்தான் எடுத்தாக வேண்டும். ஆகவே உள்ளே போகிற தண்ணீருக்குக் காவல். நாளைக்கு இரண்டு டம்ளர், டீயும் அதில் அடக்கம்.

போன வாரம் அவராகவே வாயைத் திறந்து, "ஆஸ்பத்திரியை விட்டா இந்த ஊர்ல வேற இடமே இல்லையா? பிள்ளைங்களோட எங்கயாவது ஒரு நாள் போய்ட்டு வருவோமே" என்றிருந்தார். ஒரு வருடத்தில் அவர் ஆசைப்பட்டுக் கேட்டது அது ஒன்றுதான். கடைசி நேரத்தில் பின்வாங்கிவிடுவாரோ என்று அவளுக்கு உள்ளூர உதறல்.

"சனிக்கிழமை காலையில கிளம்பிடலாம்" என்றாள்.

"அதென்ன சனிக்கிழமைக்கு அப்படி ஒரு கொம்பு?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தாள் பெயின்டரின் அக்கா. ஊரின் அந்தக் கோடியில் குடியிருப்பவள். பஸ் டிப்போவில் டிக்கெட் கவுன்ட்டர் அவள் பொறுப்பு. அங்கே கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கத்திக் கத்தியே அவளுக்கு மெதுவாகப் பேச வராது. "எனக்கு லீவு ஞாயித்துக்கிழமைதான். நான் வர வேணாம்னா நேரா சொல்லிடுங்க."

"ஞாயிறு சரிவராது அண்ணி. வெள்ளிக்கிழமை மெஷின்ல படுத்து எழுந்தா சனிக்கிழமை தெம்பா இருப்பார். ஒரு நாள் தள்ளினா கால் வீங்கிடும். நாலு எட்டு வச்சா மூச்சு வாங்கும்."

"சக்கர நாற்காலில உக்கார வச்சுத் தள்ளிட்டுப் போவோம். வாசல்லயே வாடகைக்குத் தர்றாங்களாம்."

"நான் நடந்துதான் வருவேன்க்கா" என்றார் பெயின்டர்.

"ஆமா, சின்ன வயசுலயும் இதே பிடிவாதம்தான். தூக்கினா இறக்கு, இறக்கினா தூக்கு. சரிடா, யார் கால்லயாவது விழுந்து ஷிப்டை மாத்திக்கிறேன்." அக்கா நாற்காலியில் சாய்ந்தாள். "அப்பப்பா, என்ன வெயில்!" பையிலிருந்து பாட்டிலை எடுத்து, அண்ணாந்து, மடக் மடக்கென்று குடித்தாள்.

வேன்காரியின் கைப்பென்சில் நின்றது. மேஜையோரம் உட்கார்ந்திருந்த பன்னிரண்டு வயது மகள், பெரியவள், தலையைக் குனிந்துகொண்டாள். சின்னவள், சுண்டெலி என்று கூப்பிடப்படுகிறவள், பதறிப்போய் ஓடிவந்து அத்தையின் முழங்கையைப் பிடித்து இழுத்தாள்.

"அத்தை! இங்க குடிக்கக் கூடாது! அடுப்படிக்குப் போய், கதவைச் சாத்திட்டுத்தான் குடிக்கணும்!"

"யாருடி சொன்னா?"

"யாரும் சொல்லல. அப்படித்தான்."

சொன்னது சத்தியமான வார்த்தை. யாரும் சொல்லவில்லை. அவருக்குக் காவல் போட்ட புதிதில், ஒரு நாள் சாப்பிடும்போது பெரியவள் டம்ளரைத் தூக்கினாள்; அப்பாவின் பார்வை அந்த டம்ளரில் போய் ஒட்டிக்கொண்டது. அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். மறுநாளிலிருந்து அடுப்படியில் குடித்தாள். பார்த்துப் பார்த்துத் தாயும் அப்படியே பழகினாள். கூடத்திலிருந்த தண்ணீர்க் குடம் உள்ளே போனது. சத்தம் கேட்காமலிருக்கக் குழாயின் வாயில் ஒரு துணியும் ஏறியது.

பெயின்டர் சின்னவளை மடிக்கருகே இழுத்தார். "ஜூல அடுப்படி இல்லையே. அங்க என்ன பண்ணுவே?"

"பாத்ரூம் வருதுன்னு சொல்வேன். அக்கா கூட்டிட்டுப் போவா. அங்க குடிப்போம். நாங்க வந்ததும் அம்மா போவாங்க" என்றாள் சுண்டெலி, பெருமையாக. "எல்லாம் பேசி வச்சாச்சுப்பா."

அவர் வரைபடத்தைத் தன் பக்கம் திருப்பினார். சுண்ணாம்பு தின்ற விரல் பென்சில் கோட்டின் மேல் நகர்ந்தது. வாசல், குரங்குகள், அப்புறம் மேட்டில் ஏறி, மான்களைச் சுற்றி, பறவைக் கூண்டுகளின் முதுகுப்புறமாக வந்தது.

"நேரா போனா கூப்பிடு தூரம். எதுக்கு இப்படித் தலையைச் சுத்தி மூக்கைத் தொடுது?" என்றார். "நடுவுல இது என்ன இடம்?"

பெரியவள்தான் மெல்லச் சொன்னாள். "நீர்யானைக் குளம்ப்பா."

"இது?"

"நீர்நாய்."

"இது?"

"முதலைங்க இருக்கற ஏரி."

அவர் சின்னவளிடம் திரும்பினார். "உனக்கு எதைப் பாக்கணும்?"

"நீர்யானைதான். ஆனா அது ஊருக்குப் போயிருக்காம். அம்மா சொன்னாங்க."

"நீர்யானை ஊருக்குப் போச்சா?" அக்காவுக்குச் சிரிப்புப் பீறிட்டது. "எந்த பஸ்ல ஏத்திவிட்டாங்க? எங்க டிப்போவுக்குத் தகவலே வரலையே!" சொன்னவள் தம்பியின் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் அறுந்தது.

"நான் வரல" என்றார் பெயின்டர். "நீங்க போய்ட்டு வாங்க."

"நீங்க வரலைன்னா யாரும் போகல" என்றாள் வேன்காரி. பயந்தது நடந்துவிட்டது என்றதும் அவளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது.

"எனக்காக நாலு பேர் நாக்கு வறண்டு நடக்கணுமா?"

"நடந்தா என்ன தேய்ஞ்சா போயிடுவோம்? உங்க எதிர்ல குடிச்சா மட்டும் எங்களுக்கு உள்ளே இறங்கிடுமா?"

"இறங்குமா இறங்காதான்னு என்னைக்காவது குடிச்சுப் பாத்தியா?"

"அன்னைக்கு இவளை ஒரு பார்வை பாத்தீங்களே, அதுக்கப்புறம் எப்படிங்க?"

"பாத்தேன்தான். அந்த ஒரு பார்வைக்கு ஒரு வருஷமா?" அவர் குரல் ஏறவில்லை, ஏறியிருந்தால் அவளுக்கு எளிதாக இருந்திருக்கும். "தாகம் எனக்குப் பழகிடுச்சு. நீங்க எல்லாரும் உள்ளே போய்க் கதவைச் சாத்துறீங்க பாரு, அதுதான் பழகல. வீட்டுக்குள்ளயே என்னை வெளியில நிறுத்தின மாதிரி இருக்கு."

அக்கா பாட்டிலை மேஜைக்கடியில் வைக்கப் போய், வைப்பதா வேண்டாமா என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"பெரியவளே" என்றார். "ஒரு டம்ளர் தண்ணி கொண்டா. இங்க என் எதிர்ல உக்காந்து குடி."

பெண் தாயைப் பார்த்தாள். தாய் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் வரைபடத்தைப் பார்த்தாள். டம்ளர் வந்தது. பெரியவள் ஒரு வாய் ஊற்றிக்கொண்டாள். உப்பிய கன்னத்தோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கண் இரண்டும் நிறைந்தன.

"முழுங்கு கண்ணு."

அவள் முழுங்கினாள். அதே நேரத்தில் அவருடைய தொண்டையும் வெறுமனே ஏறி இறங்கியதை வேன்காரி பார்த்துவிட்டாள். போதும் என்று சொல்ல வாயெடுத்தவள் அடக்கிக்கொண்டாள்.

"இன்னொரு வாய்."

நாற்காலிக் கையை அவர் விரல்கள் இறுகப் பிடித்திருந்தன. பார்வையை மட்டும் எடுக்கவில்லை. டம்ளர் காலியாகும் வரைக்கும் எடுக்கவில்லை.

"எப்படி இருந்துச்சு?"

பெரியவள் மூக்கை உறிஞ்சினாள். "தண்ணி மாதிரிதான்ப்பா."

"நல்லவேளை" என்றாள் அத்தை. அவருக்குக்கூட உதடு லேசாக நெளிந்தது.

காலி டம்ளரை ஓரமாக நகர்த்திவிட்டு வேன்காரி கேட்டாள்: "நாளன்னைக்கு வெயில்ல உங்களுக்குத் தாகம் எடுத்தா?"

"எடுக்கும். எடுக்குதுன்னு சொல்வேன்."

"சொன்னா நாங்க என்னங்க பண்றது? கொடுக்கவும் முடியாதே."

"ஒண்ணும் பண்ண வேணாம். அப்படியான்னு கேட்டுக்கிட்டாப் போதும். இப்ப அதைச் சொல்றதுக்குக்கூட எனக்கு ஆள் இல்ல."

அவள் தலையை நிமிர்த்தவில்லை. ரப்பரை எடுத்துத் தான் போட்ட கோட்டை வாசலிலிருந்து அழித்துக்கொண்டே போனாள். தாள் கசங்கி, மான்கள் இருக்கும் இடத்தில் சற்றுக் கிழிந்தது. அந்தக் குளத்தின் கரையில் அவரால் எவ்வளவு நேரம் நிற்க முடியும் என்று அவளுக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியாது என்பது முகத்திலேயே எழுதியிருந்தது.

"எங்கேருந்துங்க ஆரம்பிக்கட்டும்?" என்று கேட்டாள்.

"முதல்ல குளத்துக்கே போயிடுவோம்" என்றார். "கால்ல தெம்பு இருக்கறப்பவே."