அவள் எடுத்து வைத்தவை

எழுந்ததும் அவன் படுக்கை விரிப்பை உதறுவதில்லை. உதறினால் உடம்பிலிருந்து உதிர்ந்த தோல் செதில் அறை முழுக்கப் பறக்கும். மூலைகளைச் சேர்த்துச் சுருட்டிக் குளியலறைக்குக் கொண்டுபோய்த் தட்டுவான். தரையைக் கூட்டுவான். முழங்கை, முழங்கால், காதின் பின்புறம் என்று களிம்பு தடவுவான். அது ஊறும்வரை முக்காலியில் உட்கார்ந்திருப்பான். பிறகு முழுக்கைச் சட்டை. கொளுத்துகிற வெயிலிலும் அதேதான்.

அன்று முகம் மழிக்கப் போனால் ரேசரைக் காணோம். அந்த இடத்தில் புது மின்சார ஷேவர் இருந்தது.

"என் ரேசர் எங்க?"

"துருப்பிடிச்சிருந்துச்சு. தூக்கிப் போட்டுட்டேன்," என்றாள் மனைவி, அடுப்பை விட்டுத் திரும்பாமல்.

"போன வாரம்தானே வாங்குனேன்?"

"அப்போ கடைக்காரன் ஏமாத்திட்டான்."

பொய் சொல்லும்போது அவளுக்குப் பதில் சீக்கிரம் வந்துவிடும். இதுவும் அப்படித்தான் வந்தது.

அவன் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தான். தூக்க மாத்திரை அட்டை அலமாரியில் இல்லை. இரவானால் அவளே ஒன்றை உள்ளங்கையில் வைத்து நீட்டுகிறாள். மொட்டைமாடிக் கதவுக்குப் பூட்டு வந்திருக்கிறது, சாவி அவளிடம். துணி காயப்போட மேலே போகிறவள் போனில் குசுகுசுவென்று பேசுகிறாள். ஒருமுறை படியில் நின்று காது கொடுத்தான். "இல்லண்ணா, அவருக்கு இன்னும் தெரியாது," என்பது மட்டும் விழுந்தது.

அண்ணனா! போன முறை வந்தபோது இவன் கையைக் குலுக்கிவிட்டுக் கைக்குட்டையை எடுத்த மனிதர். தங்கச்சியை அழைத்துப்போக அவர் ஒருவர் போதும்.

அவள் போனாலும் குற்றம் சொல்ல முடியுமா? அவனுக்கே அவனைச் சகிக்கவில்லை. போன மாதம், அவன் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒரு பெண்மணியின் காதோரம் பிரேமைச் சரிசெய்யக் கை நீட்டினான். அவள் தலையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, "ஒட்டிக்குமா?" என்றாள், முதலாளியைப் பார்த்து. ஒட்டாது என்று இவன் வாயெடுப்பதற்குள் முதலாளி, "நீ உள்ள போய் லென்ஸ் தேயிப்பா," என்றார். அன்றிலிருந்து உள்ளறைதான்.

"மூஞ்சிய ஏன்டா தொங்கப் போட்டுட்டிருக்கே?" என்றான், ரேசர் காணாமல் போன அன்று, அங்கே லென்ஸ் தேய்க்கும் மெஷினில் இருந்த சகா. "இங்க ஃபேனாவது இருக்கு. வெளிய முதலாளிதான் இருக்காரு."

"வீட்ல அவ கிளம்பப் போறாடா."

"எங்க, மார்க்கெட்டுக்கா?"

இவன் சிரிக்கவில்லை. சகாவும் சிரிப்பை நிறுத்திக்கொண்டான். "அரை நாள் லீவு போட்டுட்டுப் போய் அவகிட்டயே கேளு," என்றான்.

வீட்டுக்கு வந்தபோது மத்தியானம். அவள் காலை நேரப் பள்ளிக்கூட வேலை முடிந்து வந்து குளித்துக்கொண்டிருந்தாள். அவன் சத்தமில்லாமல் பீரோவைத் திறந்தான். அவள் துணிகள் மடித்தது மடித்தபடி. கட்டிலுக்கடியில் பெட்டியைத் தொட்டான். விரலில் தூசிதான் ஒட்டியது. அப்படியானால் கைப்பை.

கவிழ்த்துக் கொட்டினான். அவனுடைய ரேசர். மாத்திரை அட்டை. மாடிச் சாவி.

விட்டுப் போகிறவள் தன் சாமானை அல்லவா எடுத்து வைப்பாள்? எல்லாம் இவனிடமிருந்து எடுத்தவை.

"அடுத்தவங்க பைக்குள்ள கைய விடற பழக்கம் எப்பலேர்ந்து?" ஈரத்தலையோடு அவள் வாசற்படியில் நின்றாள்.

"உங்கண்ணன் எப்ப வர்றாரு?"

"எதுக்கு?"

"உன்னக் கூட்டிட்டுப் போக."

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். "மனநல டாக்டர்கிட்ட நேரம் வாங்கித் தரச் சொல்லியிருந்தேன். அதத்தான் பேசினோம்."

"அரிப்புக்கு மனநல டாக்டரா? நல்லா இருக்கே."

"நீங்க களிம்பு வாங்கப் போனப்ப தோல் டாக்டரம்மா என்னத் தனியா கூப்பிட்டாங்க. வருஷக்கணக்கா சொரியாசிஸோட இருக்கறவங்க நெறைய பேருக்கு மனசும் நொறுங்கிப் போகுமாம். தூங்கறாரா, பேசறாரான்னு கேட்டாங்க. ஆபத்தானதெல்லாம் எடுத்து வச்சிடுங்கன்னாங்க. சுத்தி வளைக்காம அவர்கிட்டயே கேளுங்கன்னும் சொன்னாங்க. எனக்குத்தான் வாய் வரல."

"என்ன கேக்கணும்?"

"செத்துப் போயிடலாம்னு தோணுதா உங்களுக்கு?"

அருவருப்பாக இருக்கிறது, போதும், இனி முடியாது என்று அவள் சொல்லக்கூடிய எல்லாவற்றையும் மாதக்கணக்கில் அவன் தனக்குள் கேட்டு வந்திருக்கிறான். ஒவ்வொன்றுக்கும் சூடாக ஒரு பதில் இருந்தது. இந்தக் கேள்வி அவற்றில் இல்லை. சட்டைக் கை பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தான்.

"தெனமும் இல்ல," என்றான் கடைசியில்.

அவள் அழுவாள் என்று நினைத்தான். கொட்டிக் கிடந்ததை எல்லாம் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். பையை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் கட்டிலைத் தட்டிக் காட்டினாள்.

"தலையத் துவட்டிக்கறேன், அதுவரைக்கும் இங்கயே உக்காந்திருங்க. அப்புறம் ரெண்டு பேரும் அந்த டாக்டர்கிட்ட போலாம்."