பாப்பிக்காக ஒரு மெஷின்

"நாய்க்கு என்ன வயசு மேடம்?" என்று தி. நகர் கடைக்காரர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார். பதில் சொன்னது என் மகள் டீனா.

"பதிமூணு. கன்ட்ரோல் போயிடுச்சு. ஹால் கார்ப்பெட்ல எப்பவும் ஒரே இடம். எங்க டாடி சேருக்கு முன்னாடி. அவர் மேல அவ்ளோ பாசம்."

அவள் சிரித்தாள், கடைக்காரரும் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் பக்கத்தில் இருந்த மிக்ஸிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் ஒவ்வொரு மெஷினாக இழுத்து வந்து காட்டினார். ஒன்று தூசியையும் முடியையும் மட்டும் இழுக்குமாம், ஈரத்துக்கு லாயக்கில்லை. இன்னொன்று கையில் தூக்குகிற அளவு, சோபாவில் சின்னக் கறை என்றால் போதும். மூன்றாவது என் இடுப்பு உயரத்துக்கு இருந்தது. நீளக் கைப்பிடி, அடியில் சக்கரம், ஒரு தொட்டியில் சோப்புத் தண்ணீர். அது தண்ணீரைப் பீய்ச்சித் தேய்த்து, அழுக்கோடு உறிஞ்சி இன்னொரு தொட்டியில் சேர்த்துவிடும். ஒரு கார்ப்பெட் துண்டில் காபியைக் கொட்டி அதை ஓட்டிக் காட்டினார். கண்ணாடி மாதிரி இருந்த தொட்டியில் பழுப்புத் தண்ணீர் ஏறியது. "நாய், பூனை வெச்சிருக்கவங்க எல்லாம் இதைத்தான் எடுக்கறாங்க. வாடையும் போயிடும்" என்றார்.

"இதான் மம்மி" என்றாள் டீனா. பிறகு குரலைத் தாழ்த்தி, "இதுக்கும் சரியாகலன்னா நான் சொன்னதுதான். நாய் ஷெல்டர்ல பேசிட்டேன். ஞாயித்துக்கிழமை வந்து பாப்பியைக் கூட்டிட்டுப் போயிடுவாங்க" என்றாள்.

பாப்பியைக் குட்டியாகத் தூக்கிக்கொண்டு வந்தவளே இந்த டீனாதான். கல்யாணமாகி ஆதம்பாக்கம் போனபோது நாயை எங்களிடம் விட்டுவிட்டுப் போனாள். இப்போது வாரம் ஒருமுறை வந்து மூக்கைப் பொத்திக்கொள்கிறாள்.

பாப்பி ஒரு சொட்டுகூட வீட்டுக்குள் போனதில்லை. முட்டி தேய்ந்து நொண்டி நொண்டியாவது மாடிப்படி இறங்கி வேப்பமரத்தடிக்குத்தான் போவாள். கார்ப்பெட்டை நனைப்பது என் வீட்டுக்காரர் அல்போன்ஸ். சாந்தோமில் பாதிப் பேருக்கு அவர் இன்னமும் பி.டி. மாஸ்டர். தினமும் சாயந்திரம் ஜெபமாலை சொல்வோம். கடைசியில் வருகிற மாதா பிரார்த்தனைக்கு முழந்தாள் போட்டே ஆக வேண்டும் அவருக்கு. முட்டியை மடக்காதீங்க என்று டாக்டர் சொல்லியும் கேட்கவில்லை. அந்தக் கார்ப்பெட்டே அவர் முட்டிக்காகப் போட்டதுதான். பிரார்த்தனை முடிந்து முக்கி எழுந்திருக்கும்போது அவரையும் மீறிப் போய்விடுகிறது. ஆயுளில் ஒரு கைக்குட்டை துவைக்காத மனுஷன் தன் லுங்கியைத் தானே துவைத்துக் காயப்போட்டிருந்த அன்றைக்கே எனக்குப் புரிந்துவிட்டது. "டாக்டரைப் பார்ப்போம், இதெல்லாம் வயசானா வர்றதுதானே" என்றேன். "நாய் பண்ணதுக்கு நான் எதுக்குடி டாக்டர்கிட்ட போகணும்?" என்றார். சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டார்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. டீனா எதிரில் செய்தித்தாளைச் சுருட்டி பாப்பியை அடித்தார். அவள் எதற்கென்று தெரியாமல் அவர் காலடியிலேயே போய்ப் படுத்தாள். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை. டீனாவிடம் ஒரே வார்த்தையில் உடைத்திருப்பேன். ஆனால் மகள் கண்ணில் அவர் அப்படியே கூனிக்குறுகிப் போய்விடுவார். அவர் வாயாலேயே சொல்லட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். நாயை அனுப்பப்போகிறார்கள் என்று தெரிந்தும் அவர் வாயைத் திறக்கவில்லை. "அதுக்கும் அங்க நல்லாத்தான் இருக்கும்" என்றார்.

மெஷின் வந்தது. டீனா மாய்ந்து மாய்ந்து ஓட்டினாள், வாடையும் போயிற்று. சனிக்கிழமை மாதா சொரூபம் எங்கள் வீட்டுக்கு வருகிற முறை. அக்டோபர் மாதம் முழுக்க அன்பியத்துக் குடும்பங்கள், அதாவது எங்கள் பக்கத்துக் கோவில் குடும்பங்கள், சேர்ந்து சொரூபத்தை வீடு வீடாக எடுத்துப்போய் ஜெபமாலை சொல்வது வழக்கம். அல்போன்ஸ் மத்தியானம் தூங்கிக்கொண்டிருந்தபோதே டீனா பாப்பியைக் கீழே கொண்டுபோய் வாட்ச்மேன் அறைப் பக்கம் கட்டிவிட்டாள். "மாதா வர்ற நேரத்துல அது இங்க வேணாம்" என்றாள். நான் டீக்கு பால் வைத்துக்கொண்டிருந்தேன், பாத்திரத்தை நங்கென்று வைத்தேன்.

ஹால் நிறைய ஆள். பிரார்த்தனை தொடங்கியதும் எல்லோரும் முழந்தாள் போட்டார்கள். அன்பியத்தை நடத்துகிற ஜூலியட் அக்கா, "சார், நீங்க சேர்லயே இருங்க. மாதா ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாங்க" என்று கெஞ்சினாள். அவர் முறைத்துவிட்டு எல்லோருக்கும் முன்னால் போய் முட்டி போட்டார். ஒவ்வொரு "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" சொல்லும்போதும் என் கண் அவர் முதுகிலேயே இருந்தது.

முடிந்ததும் எல்லோரும் எழுந்தார்கள். அவர் ஒரு கையைத் தொடையில் ஊன்றிப் பாதி எழுந்தார். அப்படியே நின்று, மறுபடி மெதுவாக முட்டியில் இறங்கினார். வெளிர் நிறக் கார்ப்பெட்டில் ஒரு கருமை பரவி வந்தது. பின்னால் இருந்த யாரோ, "ஐயையோ, இங்க ஈரம்" என்று காலை இழுத்துக்கொண்டார்கள்.

அவர் திரும்பக்கூட இல்லை. "பாப்பி! சனியனே, மாதா முன்னாடியா?" என்று மைதானத்தில் கத்துகிற குரலில் கத்தினார்.

கீழே வாட்ச்மேன் அறைப் பக்கமிருந்து பாப்பி குரைத்தாள். அவர் குரலில் தன் பெயரைக் கேட்ட சந்தோஷத்தில், இதோ இருக்கிறேன் என்பது போல் விடாமல் குரைத்தாள்.

ஜூலியட் அக்காதான் சட்டென்று ஒரு பாட்டை உரக்க எடுத்தாள். சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள். மற்றவர்கள் டீகூடக் குடிக்காமல் பின்னால் போனார்கள். டீக் கப் தட்டோடு நின்ற டீனா கார்ப்பெட்டைப் பார்த்தாள், அப்பாவின் முதுகைப் பார்த்தாள். தட்டை அப்படியே தரையில் வைத்தாள்.

அவர் அப்படியே முட்டியில் இருந்தார். சொரூபம் இருந்த வெறும் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடித்தீர்களே, பாப்பியை அடித்தீர்களே என்று கத்த வேண்டும்போல் இருந்தது. உள்ளே போய் மெஷினைத் தடதடவென்று இழுத்து வந்து அவர் முன்னால் நிறுத்தினேன்.

"பிளக் போடட்டுமா மம்மி?" என்றாள் டீனா.

"வேணாம்."

கைப்பிடியை அவர் பக்கம் சாய்த்தேன். "பிடிச்சு எழுந்திருங்க."

அவர் என் முகத்தைப் பார்க்காமல் இரண்டு கையாலும் அதைப் பிடித்தார். பாரம் ஏறியதும் மெஷின் நழுவி முன்னால் உருண்டது. கீழே பாப்பி இன்னும் குரைத்துக்கொண்டிருந்தாள். ஈரத்தை மிதித்துக்கொண்டு போய் சக்கரத்துக்கு முன்னால் என் காலை அழுத்தி வைத்தேன்.