அண்ணி எடுத்த வீடியோ

"வீடியோ இருக்கா?" என்று நரம்பு டாக்டர் கேட்டபோது தையல்காரிக்குச் சிரிப்புத்தான் வந்தது.

"வலிப்பு வந்தா எனக்கே தெரியாது டாக்டர். நான் எங்க எடுக்கறது?"

"கூட இருக்கிறவங்க எடுக்கட்டும். ரெண்டு மாத்திரை வேளை தவறாம சாப்பிட்டும் நிக்கல. எப்படி ஆரம்பிக்குதுன்னு பார்த்தாத்தான் அடுத்தது என்னன்னு சொல்ல முடியும்."

அடுத்தது என்ன என்பதுதான் அவளுக்கும் வேண்டும். தையல் கம்பெனியில் துணி வெட்டும் மெஷினருகே வலிப்பு வந்து விழுந்ததிலிருந்து, மூன்று மாதமாக அவளை ஒரு மூலையில் பட்டன் தைக்க உட்கார வைத்திருந்தார்கள்.

கூட இருப்பவள் அண்ணி. அவள் முதல் தடவை எடுத்ததைப் போட்டுப் பார்த்தார்கள். ஃபேன் சுற்றியது. பிறகு கதவு. பின்னால் "ஐயோ, ஐயோ" என்று ஒரே கூப்பாடு.

"இதுல வலிப்பு உங்களுக்குத்தான் வந்த மாதிரி இருக்கு அண்ணி."

"பேசமாட்டே? நீ விறைச்சுக் கிடக்கறப்ப போனைத் தூக்கிக்கிட்டு நிக்கணுமா? பார்க்கிறவங்க என்னடி நினைப்பாங்க?"

"பார்க்கப்போறது டாக்டர் மட்டும்தான். வாங்க, ஒத்திகை." தரையில் படுத்தாள். "ஒருக்களிச்சு விடுங்க. வாயில ஸ்பூன் வேணாம், போன தடவை பல்லே ஆடிப்போச்சு. மூஞ்சியும் ரெண்டு கையும் தெரியணும். அஞ்சு நிமிஷம் தாண்டினா வீடியோவை விட்டுட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க."

"முடியையாவது வாரிக்கடி."

"கல்யாண போட்டோவா எடுக்கறீங்க?"

நான்கு தடவை படுத்துக் காட்டினாள்.

பத்தாம் நாள் துணி மடிக்கும்போது நிஜமாகவே வந்தது. கண் விழித்தபோது நாக்கு கனத்தது. பக்கத்தில் அண்ணி, முகமெல்லாம் கண்ணீர்.

"ஒரு நிமிஷம் நாப்பது செகண்ட்," என்றாள். "ஆடாம எடுத்திருக்கேன்."

டாக்டர் மூன்று முறை ஓட்டிப் பார்த்தார். "முதல்ல இடது கை விரல். அப்புறம் வாய் ஓரம். அப்புறந்தான் உடம்பு முழுக்க. மூளையில ஒரே இடத்துலேர்ந்து கிளம்புது போல. ஸ்கேனும், ஆஸ்பத்திரியில தங்கி மூளையோட மின் அலையைப் பதிவு பண்ற ஈஈஜியும் அதையே காட்டினா, ஆபரேஷன் பத்தி யோசிக்கலாம். இல்லேன்னா வேற மாத்திரை இருக்கு."

"மண்டையைத் திறக்கறதா?" அண்ணி நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம்டி. பட்டனே தைச்சுக்கிட்டு இரு. நான் பார்த்துக்கறேன்."

தையல்காரி போனை வாங்கினாள். அதுவரை அவள் அதைப் பார்க்கவில்லை. கோணிய வாயை, வெட்டி இழுத்த கையை, கடைசி செகண்ட் வரை கண்ணெடுக்காமல் பார்த்தாள்.

"இதை ரெண்டு வருஷமா நீங்க பார்த்திருக்கீங்க அண்ணி. நான் இன்னிக்குத்தான் பார்க்கறேன்." டாக்டரிடம் திரும்பினாள். "எத்தனை நாள் தங்கணும்? என்னென்ன கொண்டுவரணும்னு எழுதிக் கொடுங்க."

"கூட ஒருத்தர் தங்கணும்."

அண்ணி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அதைக் கேட்கணுமா? ரெண்டு பேருக்கும் சேர்த்தே எழுதுங்க."