யாருக்கும் கொடுக்க முடியாத ஷூ

தானியேல் ஐயாவுக்கு எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாது. இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை, எரிச்சலில் சொல்கிறேன். தெற்கே திருநெல்வேலிச் சீமையில் நாசரேத் பக்கத்திலிருந்து மிஷனரியாக எங்கள் காலனிக்கு வந்தவர். மாதனூரைத் தாண்டி உள்ளே போனால் எங்கள் காலனி. ஒன்பது வருஷமாக நாங்கள் அவருக்குக் கொடுத்த பொருள்களைப் பார்க்க வேண்டுமென்றால் அவர் வீட்டுக்குப் போகக் கூடாது, ஊரைத்தான் சுற்ற வேண்டும். சபை வாங்கிக் கொடுத்த டேபிள் ஃபேன் பிள்ளை பெற்ற ஒருத்தி வீட்டில் ஓடுகிறது. கிறிஸ்மஸுக்குக் கொடுத்த குக்கர் புதுசாகக் கல்யாணமான ஜோடி வீட்டில் விசில் அடிக்கிறது. நல்லவேளை, ஐயா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. செய்திருந்தால் அந்த அம்மாவின் புடவைகளை ஊரே கட்டிக்கொண்டு திரிந்திருக்கும்.

அவருடைய கைக்கடிகாரம் ஆம்பூரில் கவுஸ் பாஷா கையில் இருக்கிறது. பாய் அங்கே சின்னதாக ஷூ சாம்பிள் செய்யும் பட்டறை வைத்திருக்கிறார். ஐயாவுக்கு நெருங்கிய தோஸ்த். கடிகாரத்தைப் பற்றிக் கேட்டால் பாய்க்கே கோபம் வரும்.

"நான் கேக்கவேயில்லமா. தொழுகைக்கு நேரமாச்சான்னு தெரியல, மணி இன்னான்னுதான் கேட்டேன். கழட்டி என் கையில கட்டி உட்டுட்டாரு. அதுலேர்ந்து அவருகிட்ட ஒண்ணும் கேக்கறதில்ல. பயமா இருக்குது."

நான் மேகலா. ஷூ கம்பெனியில் குவாலிட்டி செக்கிங். தப்பு கண்டுபிடிப்பதற்கே எனக்குச் சம்பளம் தருகிறார்கள், அதனால் ஐயாவிடமும் கண்டுபிடிப்பேன். ஒரு மார்கழிப் பனியில் அவர் இருமிக்கொண்டே வீடு வீடாக வந்ததைப் பார்த்து, ஓவர்டைம் செய்து, வேலூர் போய் நல்ல பழுப்புக் கலர் ஸ்வெட்டர் வாங்கிக் கொடுத்தேன். ஒரு வாரம்கூட ஆகவில்லை. அந்த ஸ்வெட்டர் தோல் குடோன் வாட்ச்மேன் உடம்பில் பீடி குடித்துக்கொண்டு நின்றது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுதேன். அவர் கொடுத்தது தப்பில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் கொடுத்தது அவரிடம் ஒரு வாரம்கூட தங்கவில்லையே என்று இருந்தது.

இப்படிப்பட்ட மனுஷனை ஒடிசாவில் ஏதோ மலைக் கிராமத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஈஸ்டர் முடிந்ததும் புறப்பட வேண்டும். கேட்டதும் காலனியில் பாதிப் பேருக்குச் சோறு இறங்கவில்லை. எங்கள் காலனிக்குள் கம்பெனி பஸ் வருவதே அவரால்தான். மெயின் ரோடு வரை பெண்கள் இருட்டில் நடந்து போகக் கூடாது என்று பஸ்ஸுக்கு முன்னால் குடையை விரித்து உட்கார்ந்துவிட்டார். யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூடவே வந்து, எங்களைவிட அதிகமாகப் பயந்துகொண்டு பெஞ்சில் இருப்பார். என் பக்கத்து வீட்டு எல்லம்மாக்கா சபைக்கு வருகிறவர் இல்லை. ஆடி மாசம் அவர் அம்மனுக்குக் கூழ் ஊற்றினால், மறுநாள் அண்டா கழுவ ஐயா வந்து நிற்பார்.

எல்லம்மாக்காவும் நானும் ஒரே கம்பெனி, ஒரே பஸ். அக்கா தையல் லைன். ஒருநாள் காலையில் பஸ்ஸில் இதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

"போறப்ப இன்னாடி குடுக்கறது அவருக்கு?"

"இன்னா குடுத்தாலும் காட்பாடி தாண்டறதுக்குள்ள எவனுக்காவது குடுத்துடுவாரு."

"அப்பிடின்னா யாருக்கும் ஆவாத பொருளா பாத்துக் குடுக்கணும்."

அந்த நேரம் ஐயா பஸ் படியில் இடது காலை வைத்துக்கொண்டு டிரைவரிடம் அவர் அம்மாவின் சர்க்கரை வியாதியை விசாரித்துக்கொண்டிருந்தார். நீல ஹவாய் செருப்பு. அந்தக் காலில் சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் ஆறாவதாக இன்னொரு குட்டி விரல் உண்டு. கூட்ட பஸ்ஸில் இடம் கிடைக்காதவன் மாதிரி செருப்புக்கு வெளியே தொங்கும். அதனால்தான் அவர் ஷூ போடுவதேயில்லை. எந்த ஷூவும் அந்தக் காலைக் கடிக்கும். ஐரோப்பாக்காரன் காலுக்கெல்லாம் ஷூ மாட்டிவிடுகிற ஊரில் எங்கள் ஆள் இத்தனை வருஷமும் ஹவாய் செருப்பில்தான் நடந்தார்.

அக்காவும் நானும் அந்த விரலைப் பார்த்தோம். பிறகு ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம்.

சாயங்காலமே கவுஸ் பாஷாவிடம் போய்ச் சொன்னோம். பாய் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "ஆறு விரலுக்கு ஷூவா! செய்யறேன்மா. உலகத்துலயே ஒரே ஆளு போடற ஷூ. வேற எவன் போட்டாலும் தொளதொளன்னு கழண்டு உழுந்துடும். ஆனா அளவு ஒழுங்கா வேணும். அவருகிட்ட போயி காலை நீட்டுன்னா, எதுக்குன்னு கேப்பாரு. சொன்னோம்னா வேணாம்னுடுவாரு."

அளவு எடுக்க எனக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் ஆராதனையில், இயேசு சீஷர்களுக்குச் செய்தது போல, ஐயா மண்டியிட்டு எங்கள் கால்களைக் கழுவுவார். வருஷா வருஷம் நடப்பது. ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸிலிருந்து அப்படியே இறங்கி வருவோம். கோந்தும் சாயமும் ஒட்டின கால்கள், நாற்றம் தாங்காது. அவர் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. இந்த வருஷம் அவர் தண்ணீர்ப் பேசினைத் தூக்கியதும் நான் எழுந்தேன்.

"ஐயா, இந்தத் தடவை நாங்கதான் கழுவுவோம். நீங்க ஒக்காருங்க."

"என்னத்துக்கும்மா அதெல்லாம்? வேண்டாம், வேண்டாம்."

சபை முழுக்க "ஒக்காருங்க ஐயா" என்று சத்தம் போட்டது. பாவம், உட்கார்ந்தார். அவர் காலடியில் பிரவுன் பேப்பரை விரித்தேன். பக்கத்தில் எல்லம்மாக்கா, முந்தானைக்குள் இஞ்ச் டேப்போடு.

"எல்லம்மா, நீ எங்கம்மா இங்க?"

"நான் ஊத்தன கூழுக்கு நீங்க அண்டா கழுவுனீங்களே. நான் வந்து ஒங்க காலைக் கழுவக் கூடாதா?"

ஐயா காலை நீட்டினார். நான் தண்ணீர் ஊற்ற, அக்கா துண்டுக்கு அடியில் டேப்பைச் சுற்றினார். அப்போதுதான் ஐயாவுக்குக் கூச்சம் ஜாஸ்தி என்ற விஷயம் எங்களுக்குத் தெரிந்தது. மூச்சை அடக்கிப் பார்த்தார், பல்லைக் கடித்துப் பார்த்தார். ஆறாவது விரலைச் சுற்றி டேப் இறுகியதும் "ஐயோ" என்று கத்திவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணீர் விட வேண்டிய ஆராதனையில் சபையே சிரித்தது. அந்தச் சந்தடியில் ஈரக் காலைப் பேப்பரில் அழுத்தி, தோலில் குறி போடும் சில்வர் பேனாவால் சுற்றிக் கோடு இழுத்தேன்.

"இது என்னம்மா, பேனால்லாம்?"

"இப்பல்லாம் வேலூர்ல இப்பிடித்தான் செய்றாங்க ஐயா" என்றேன். கோயிலுக்குள் சொன்ன பொய். கர்த்தர் மன்னிப்பார் என்று நினைக்கிறேன், அளவு சரியாக வந்திருந்தது.

பாய் பிளாஸ்டிக் கால் அச்சு ஒன்றை எடுத்து, விரல் வரும் இடத்தில் தோல் துண்டுகளை ஒட்டி ஒட்டித் தேய்த்து ஆறாவது விரலை உண்டாக்கினார். மேல் தோலை எல்லம்மாக்கா தைத்தார். முடிந்ததும் பாய் அதை என் கையில் கொடுத்துவிட்டு மாப்பிள்ளை மாதிரி நின்றார்.

"விரல்கிட்ட சுருக்கம் உழுது பாய். ரிஜெக்ட்."

"இன்னாமா ரிஜெக்ட்டு? இத்தாலிக்காரனே கண்ணை மூடிக்கினு பாஸ் போடுவான்!"

"இத்தாலிக்காரன் போடட்டும். நான் போட மாட்டேன்."

உருதுவில் ஏதோ முனகினார். நல்லதாக இருக்க வாய்ப்பில்லை. திரும்பச் செய்தார், தையலில் ஒரு இடம் ஏறி இறங்கியிருந்தது, அதையும் தள்ளினேன். எல்லம்மாக்கா என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். மூன்றாவது ஜோடியைப் பாஸ் செய்தேன். அப்படி ஒரு ஷூவை இத்தனை வருஷத்தில் நான் தொட்டதில்லை.

ஈஸ்டருக்கு அடுத்த வாரம், வழியனுப்பும் ஞாயிற்றுக்கிழமை, பாய் அண்டா அண்டாவாகப் பிரியாணி கொண்டுவந்தார். எல்லோரும் பேச எழுந்து, அழுது, பேசாமல் உட்கார்ந்தார்கள். கடைசியில் பெட்டியை நீட்டினேன். ஐயா திறந்து பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"நல்லா இருக்கும்மா. ஆனா என் காலுக்கு ஷூ ஒத்துக்காதுல்லா. யாராவது..."

"குடுக்கறதெல்லாம் அப்புறம். மொதல்ல போடுங்க" என்றேன். குரல் கொஞ்சம் அதட்டலாகவே வந்துவிட்டது.

போட்டார். எழுந்தார். இடது காலை மெதுவாக ஊன்றினார், வலி வரும் என்று காத்திருப்பவர் மாதிரி. வரவில்லை. வாசல் வரை நடந்து போய்த் திரும்பி வந்தார். "கடிக்கலையே" என்றார். பிறகு பெரிய வியாழனும் சில்வர் பேனாவும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். எங்கள் மூன்று பேரையும் பார்த்துக்கொண்டே நின்றார், கண் கலங்கிவிட்டது.

"மாட்டிக்கினீங்க பாதிரி" என்றார் பாய். "இதை எவனுக்கும் குடுக்க முடியாது."

ஆம்பூர் ஸ்டேஷனில் அந்த ஷூவோடுதான் ரயில் ஏறினார். ரயில் நகர்வதற்குள் பிரியாணிப் பொட்டலம் எதிர் சீட்டுக்காரர் மடிக்குப் போனதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். போகட்டும் என்று விட்டுவிட்டேன். எங்கள் பேர் சொல்ல அவர் காலில் ஒன்று இருக்கிறதே, அது போதும்.

மழைக்காலத்தில் என் போனுக்கு ஒரு போட்டோ வந்தது. கம்பெனியில் மதியச் சாப்பாட்டு நேரம். சேறும் பச்சையுமாக ஒரு மலைப் பாதை. ஐயா சிரித்துக்கொண்டு நிற்கிறார். இடது காலில் எங்கள் ஷூ. வலது காலில் நீல ஹவாய் செருப்பு. பக்கத்தில் கக்கத்தில் கட்டை ஊன்றி ஒரு மனிதர், அவருக்கு இடது கால் முட்டிக்கு மேலிருந்தே இல்லை. இருக்கிற வலது காலில் எங்கள் ஷூ பளபளத்தது.

"மேகலாம்மா, கோபப்படாதே" என்று கீழே எழுதியிருந்தார். "இவருக்கு மரம் விழுந்து ஒரு கால் போயிட்டு. மத்தக் காலுக்குச் செருப்பும் இல்லை. வலது அப்படியே பொருந்திட்டு. இடது என்கிட்டதான் இருக்கு, அதைக் கொடுக்க முடியலை. யோசிச்சுப் பார்த்தேன், எனக்குன்னு நான் வச்சிருக்கிறது அது ஒண்ணுதான்."

சாப்பாட்டுத் தட்டை அப்படியே தள்ளிவிட்டேன். எனக்கு ஆத்திரம் வந்தது. அழுகையும் வந்தது. எது முதலில் வந்தது என்று சொல்லத் தெரியவில்லை. எல்லம்மாக்கா போனைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, "ஒத்தக்கால்காரனை எங்கேர்ந்துடி புடிச்சாரு?" என்றார்.

பாயிடம் காட்டியதும் இருமல் வரும் வரை சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. போட்டோவை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார், முதலில் ஷூவை, அப்புறம் தோஸ்த்தின் முகத்தை.

"சேத்துலயும் எப்பிடி மின்னுது பாத்தியா?" என்றார். "சரி, இன்னொரு வலது போட்டுடலாம்."

"ஒண்ணு பத்தாது பாய். அவரு கால்ல ஒண்ணு இருக்கணும்."

"அப்போ ரெண்டு. ஒண்ணு குடுக்கறதுக்கு."

"கால்ல இருக்கறதையும் கழட்டிக் குடுத்துட்டாருன்னா?"

பாய் கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். மணி பார்க்கவில்லை, சும்மா பார்த்தார். "மூணாப் போடறேன்" என்றார்.

அடுத்த வாரம் மூன்றையும் பெட்டியில் வைத்து ஆம்பூர் கூரியர் ஆபீசுக்கு எடுத்துப் போனேன். மூன்றையும் முதல் தடவையே பாஸ் செய்திருந்தேன். கூரியர் கடைக்காரர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, ஷூ ஊர்க்காரர் இல்லையா, ஒரு நொடியில் கண்டுபிடித்துவிட்டார்.

"யக்கா, தப்பா போட்டுக்கினு வந்துட்டீங்க. மூணும் வலது காலா இருக்குது."

"தெரியும்," என்றேன். "டேப்பு ஒட்டுங்க."